நான் காணாத மதகு

“சார், கோவிச்சுக்க மாட்டீங்கன்னா ஒண்ணு கேக்கவா?” என்றார் கலியபெருமாள்.

“கேளுங்க ஓவர்சியர்.”

“இப்ப நீங்க எது மேல நிக்கிறீங்க?”

குனிந்து பார்த்தேன். காலுக்குக் கீழே சிமெண்ட் தளம். இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குக் கட்டைச்சுவர். அதன்மேல் யாரோ அலசிக் காயப்போட்ட சாக்கு ஒன்று. கீழே வாய்க்கால். இரண்டு சிமெண்ட் குழாய்களில் ஒன்று முழுக்கத் தூர்ந்து கிடந்தது. மற்றதில் தண்ணீர், சளி பிடித்தவன் மூச்சு விடுவதைப் போல இழுத்து இழுத்துப் போய்க்கொண்டிருந்தது.

“மதகு மேல,” என்றேன்.

“நல்லா பாத்து சொல்லுங்க சார். பதினோரு வருசமா இந்த எடத்துல மதகே இல்லீங்களே.”

சுற்றி நின்ற விவசாயிகள் நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? அந்த இடத்தில் மதகு இல்லை என்று பதினோரு வருஷத்துக்கு முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிரகஸ்பதி நான்தான்.

இப்படி மதகின்மேல் நின்ற நாளில் நான் காரைக்கால் பக்கத்துக் கடலோரக் கொம்யூன் பஞ்சாயத்து ஒன்றுக்கு ஆணையர். எந்தக் கொம்யூன் என்று கேட்காதீர்கள். அங்கே இன்னும் எனக்குத் தெரிந்தவர்கள் டீ வாங்கித் தருகிறார்கள். கலியபெருமாள் அதே அலுவலகத்தில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் நின்ற இடம் போலகத்துக்கு அப்பால், பெரிய ரோட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே இருந்தது. மதகு என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். மண்பாதை வாய்க்காலைத் தாண்டுகிற இடத்தில் போட்ட சின்னக் குழாய் மதகு. மாட்டு வண்டி அதன்மேல் போகும், டிராக்டர் போகும். அரசாங்கம் மட்டும் போக முடியாது, ஏனென்றால் அரசாங்கத்தைப் பொறுத்தவரை அது கிடையாது.

ஏன் என்று கேட்பதற்குச் சம்பளம்

முதலில் நான் எப்படிப்பட்ட பிராணி என்று சொல்லிவிட வேண்டும். சென்ற வாரம் எனக்கு அரசு வேலை கிடைத்த கதையை எழுதியிருந்தேன் அல்லவா? படித்துவிட்டு என் மைத்துனர் போன் செய்தார். “அத்தான், எல்லாத்தையும் எழுதிட்டு, கணக்குல ரெண்டு தடவை பெயிலானதை மட்டும் விட்டுட்டீங்களே!” விடவில்லை மாப்பிள்ளை, இந்த வாரத்துக்கு வைத்திருந்தேன். கணக்கில் இரண்டு தடவை தேறாதவனைத்தான் அரசாங்கம் தேடிப் பிடித்துத் தணிக்கைத் துறையில் போட்டது.

எங்கள் குடும்பம் திருமலைராயன்பட்டினத்துக்கு மேற்கே நெல் போடுகிற குடும்பம். அண்ணன் தம்பி நாலு பேரில் மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவன் நான் ஒருவன். “இவன் வரப்புல நடந்தா வரப்புக்கு வலிக்கும்” என்பார் அப்பா. வரப்பைக் காப்பாற்ற என்னைப் படிக்க வைத்தார்கள்.

தணிக்கை வேலைக்குக் கணக்கு அவ்வளவாகத் தேவையில்லை என்பது சேர்ந்த முதல் மாதத்திலேயே புரிந்துவிட்டது. தேவைப்படுவது ஒரே ஒரு சொல்: ‘ஏன்?’ பத்து நாற்காலி வாங்கினால், ஏன் பத்து? எட்டு வாங்கினால், பத்து பேர் இருக்கும் ஆபீசில் ஏன் எட்டு? வாங்கவே இல்லையென்றால், ஒதுக்கிய பணத்தை ஏன் செலவழிக்கவில்லை? எந்தப் பதில் வந்தாலும் கீழே எழுத ஒரு வரி தயாராக இருக்கும்: ‘பதில் ஏற்புடையதல்ல.’ இந்த ஆட்சேபணைகளுக்கு வரிசையாக எண் போட்டு அறிக்கையில் சேர்ப்போம். ஒவ்வொன்றும் ஒரு பாரா. பாரா ஒரு தடவை எழுந்துவிட்டால் அது இறங்கும்வரை சம்பந்தப்பட்டவருக்குத் தூக்கம் கிடையாது. எழுதியவனுக்கு நல்ல தூக்கம் உண்டு.

வீட்டிலும் நான் ஆடிட்டராகவே இருந்தேன் என்பது என் மனைவி மங்கையின் நீண்ட நாள் குற்றச்சாட்டு. அவள் தம்பி கல்யாணத்தில், பந்தி பரிமாறுகிற நேரத்தில் சமையற்காரரைத் தனியாகக் கூப்பிட்டு எத்தனை இலை, எத்தனை அப்பளம் என்று விசாரித்துவிட்டேன். அப்பளம் அறுபது அதிகம். கண்டுபிடித்த சந்தோஷத்தில் மாமனாரிடம் போய்ச் சொன்னேன். அவர் மகளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெண்ணைத் திருப்பி அழைத்துக்கொள்ள விதியில் இடமுண்டா என்று கேட்பதைப் போல இருந்தது.

எங்கள் குழு ஓர் அலுவலகத்துக்குப் போனால் அன்றைக்கு அங்கே திருவிழா. மேசை துடைத்திருப்பார்கள். ஓடாத கடிகாரம் ஓடும். மத்தியானம் கொடுவா மீன் வறுவல் வரும். நான் அதற்கு என் பங்குப் பணத்தைக் கொடுத்துவிடுவேன். அந்த விஷயத்தில் சுத்தம். ஆனால் கொடுவா சாப்பிட்ட பிறகு ஒரு மனிதனுக்கு வருகிற கிறக்கத்துக்கு எந்த விதியும் கிடையாது.

நாற்காலி மாறிய வாரம்

இருபது வருஷத்துக்கும் மேல் கேள்வி கேட்டவனை, ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது, பதில் சொல்லும் நாற்காலியில் தூக்கி உட்கார வைத்தார்கள். கொம்யூன் ஆணையர் பதவி. சுழல் நாற்காலி, கதவில் பெயர்ப்பலகை, கதவுக்கு வெளியே காத்திருக்கும் கூட்டம். கூட்டத்தைப் பார்த்து முதல் நாள் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வாரமே மானம் போயிற்று. தெருவிளக்கு எரியவில்லை என்று ஒரு மனு, கோப்பாக என் மேசைக்கு வந்தது. படித்தேன். பழக்கதோஷம், ஓரத்தில் அழகாக எழுதினேன்: ‘மூன்று மாதமாக ஏன் சரிசெய்யப்படவில்லை? உரிய அலுவலர் ஒரு வாரத்தில் விளக்கம் அளிக்கவும்.’ கையெழுத்துப் போட்டுக் கீழே அனுப்பினேன்.

கால் மணி நேரத்தில் கண்காணிப்பாளர் ஞானசேகரன் அந்தக் கோப்போடு வந்து நின்றார். அலுவலக நேரத்தில் சிரிப்பது நடத்தை விதிக்கு முரண் என்று நம்புகிறவர்.

“சார், உரிய அலுவலர் நீங்கதான்.”

“ஓ.”

“விளக்கம் எப்ப குடுப்பீங்கன்னு குறிச்சிக்கணும் சார்.”

அன்று தெருவிளக்கை மாற்ற எத்தனை பேரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். ஒரு கோப்பு தலைமையிடத்து ஒப்புதலுக்குப் போகவேண்டுமென்றால், நடுவில் தமிழ்நாட்டைக் கடந்து புதுச்சேரிக்குப் போய், மறுபடி தமிழ்நாட்டைக் கடந்து வரவேண்டும். இத்தனை காலம் இவர்களிடம் ‘ஏன் தாமதம்?’ என்று கேட்டேனே என்று கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. கொஞ்சம்தான். கூச்சம் முழுசாக வந்தது அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால்.

பாரா எண் பதினாலு

போலகம் பக்கத்து விவசாயிகள் ஒரு மனு கொடுத்தார்கள். வாய்க்கால் மதகில் குழாய் தூர்ந்துவிட்டது, மழைக்கு முன் வாரிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கடைமடை வயலில் தண்ணீர் தேங்கி நடவு அழுகிவிடும். அதன்மேல் ஞானசேகரன் குறிப்பு எழுதியிருந்தார்: ‘தணிக்கைப் பாரா எண் 14-ன்படி மேற்படி இடத்தில் மதகு ஏதும் இல்லை. இல்லாத மதகைத் தூர் வார விதிகளில் இடமில்லை.’

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். “ஞானசேகரன், யாருய்யா அந்தப் புத்திசாலி? மனுவுல இருக்கற மதகை இல்லைன்னு எழுதினது?”

அவர் கோப்பில் நாலைந்து தாள்களைப் புரட்டி, ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

‘நேரில் பார்வையிட்டபோது, குறிப்பிட்ட இடத்தில் மதகு ஏதும் காணப்படவில்லை. கட்டப்படாத மதகுக்குச் செலவுப் பட்டியல் போடப்பட்டுள்ளது.’ கீழே என் கையெழுத்து. நல்ல கையெழுத்து, அதில் குறை சொல்ல முடியாது.

அதற்குப் பின்னால் கலியபெருமாளின் பதில்கள். மொத்தம் ஆறு. முதல் பதிலில், ‘மதகு உள்ளது. தயவுசெய்து ஒருமுறை வந்து பார்க்கவும்.’ கீழே என் எழுத்து: ‘பதில் ஏற்புடையதல்ல.’ இரண்டாவது பதிலோடு மதகின் புகைப்படம். கீழே நான்: ‘புகைப்படத்தில் தேதி இல்லை.’ மூன்றாவதில் மனிதர் அன்றைய செய்தித்தாளைக் கையில் விரித்துப் பிடித்தபடி மதகின்மேல் நின்று படம் எடுத்து அனுப்பியிருந்தார். கடத்தப்பட்டவர் உயிரோடு இருப்பதைக் காட்டுகிற படம் மாதிரி இருந்தது. அதற்கும் நான்: ‘இது ஆட்சேபணைக்குப் பிந்தைய தேதி. முன்பே மதகு இருந்ததற்கு ஆதாரமாகாது.’ அதன்பின் எனக்கு வேறு பிரிவுக்கு மாற்றல். எனக்குப் பின்னால் வந்தவர்கள், மீதி மூன்றுக்கும் என் வரிகளையே பார்த்து எழுதியிருந்தார்கள்.

கலியபெருமாள் ஓய்வு பெற்று ஆறு வருஷம். பாரா நிலுவையில் இருந்ததால் பணிக்கொடை நிற்கிறது, ஓய்வூதியமும் தற்காலிகம். அதைவிடப் பெரிய இடைஞ்சல் ஒன்று இருந்தது. அதை மனு கொடுக்க வந்த விவசாயி ஒருவர் சொன்னார்.

“அவரு இப்பல்லாம் ஒரு விசேசத்துக்கும் போறதில்ல சார். தங்கச்சி வூட்டு வளைகாப்புல எலையில உக்காந்திருக்கறப்ப, மச்சான் முறை ஒருத்தரு, ‘என்ன மாமா, மதகு நல்லா செரிச்சிதா?’ன்னுட்டாரு. எந்திரிச்சி வந்தவருதான்.”

“உங்க ஊர்ல எல்லாருக்கும் மதகு இருக்கறது தெரியும்ல?”

“தெரியாம? நாங்க அதுக்குப் பேரே ‘இல்லாத மதகு’ன்னு வச்சிருக்கோம் சார். ஆட்டோக்காரன்கிட்ட ‘இல்லாத மதகுல எறக்கி வுடு’ன்னா கரெக்டா வுட்டுடுவான்.”

வரப்பில் தெரிந்தது

சரி, போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். கலியபெருமாளுக்கும் சொல்லி அனுப்பியிருந்தேன். பெரிய ரோட்டில் ஜீப் நின்ற இடத்தில் காத்திருந்தார். ஒடிசலான மனிதர். வேட்டியை மடித்துக் கட்டி, சட்டைப் பையில் கண்ணாடிக்கூடு. அவர் கையைப் பிடித்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். அவரோ என் காலைப் பார்த்தார்.

“செருப்போட வந்தது நல்லதாப் போச்சு சார். இப்பிடி வாங்க. வழி உங்களுக்குப் புதுசா இருக்கும்.”

புதுசா? நான் வந்து பார்த்து எழுதிய வழி அல்லவா?

நடந்தோம். களிமண் பாதை. ஒரு திருப்பத்தில் மூன்று பனை. அப்புறம் பம்புசெட்டுக் கொட்டகை ஒன்று. அப்புறம் ஒரு பெரிய நாவல் மரம், அதன் கீழே சூலம். பாதி வழியில் நின்று சுற்றிப் பார்த்தேன். எதுவும் நினைவில் இல்லை. பனை இல்லை, கொட்டகை இல்லை, அவ்வளவு பெரிய நாவல் மரம் கூட இல்லை. பதினோரு வருஷத்தில் மறந்திருக்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் என் கால் அந்தப் பாதையை இப்போதுதான் முதன்முதலாக மிதிக்கிறது என்பது காலுக்கே தெரிந்தது.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக வந்தது. முந்தின நாள் நல்ல மழை. மச்சான் கல்யாணத்துக்கு வாங்கிய புது ஷூ என் காலில். அதே பெரிய ரோடு. டிரைவர் சொன்னார்: “உள்ள ஒரு கிலோமீட்டர் நடக்கணும் சார், சேறு.” மத்தியானக் கொடுவா கண்ணை இழுத்தது. ஜீப்பை விட்டு இறங்கி, நெற்றியில் கையை வைத்துப் பார்த்தேன். பச்சையாக வயல் தெரிந்தது. மதகு தெரியவில்லை. அங்கிருந்து பார்த்தால் கடல் கூடத்தான் தெரியாது. ஏறி உட்கார்ந்து ‘காணப்படவில்லை’ என்று எழுதினேன்.

எழுதியது ஒரு வகையில் நிஜம். நான் காணவில்லை. அதற்கு முன்னால் ‘நேரில் பார்வையிட்டபோது’ என்று ஒன்று போட்டேனே, அதுதான் பொய். அறிக்கையில் எல்லாப் பாராவும் அப்படித்தான் தொடங்கும். கை தானாக எழுதிவிட்டது. எழுதிய பிறகு நானே அதை நம்பியும் விட்டேன். என் கையெழுத்து இருக்கிற எதையும் நம்புகிறவன் நான்.

மதகின்மேல் நின்றுதான் கலியபெருமாள் அந்தக் கேள்வியைக் கேட்டார். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு அவரைத் தனியாகக் கேட்டேன்.

“ஓவர்சியர், அன்னைக்கு நான்…”

“கொழாய் ரெண்டும் வாரிட்டா போதும் சார், தண்ணி ஓடிடும்,” என்று பேச்சை வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டார்.

சேறு என்று எழுதலாமா?

அந்த வாரம் ஆண்டுத் தணிக்கைக்காகக் குழு வந்திருந்தது. தலைவி பரிமளா மேடம். என்னைவிட இருபது வயது குறைவு, என்னைவிட இருபது மடங்கு கெட்டிக்காரி. மதகு இருக்கிறது, கண்ணால் பார்த்தேன், பாராவை இறக்கிவிடுங்கள் என்றேன்.

“இப்ப இருக்குங்கறதை ஒத்துக்கறேன் சார். அப்ப இருந்துச்சாங்கறதுதானே கேள்வி? ஆட்சேபணை வந்த பிறகு அவசரமா கட்டியிருக்கலாமே?”

“அப்படி இல்லைங்க மேடம்.”

“அப்ப இல்லைன்னு நீங்களே நேர்ல போய்ப் பாத்து எழுதியிருக்கீங்க. உங்க பாராவெல்லாம் எங்களுக்கு மாதிரி சார். அதை நான் எப்படி மறுக்கறது?”

இப்படி ஒரு மரியாதை யாருக்கும் கிடைக்கக் கூடாது.

ஞானசேகரன் ஒரு வழி சொன்னார். “மேடம், புதர் மூடியிருந்ததால சாருக்குத் தெரியாம போயிருக்கலாம்.”

பரிமளா பட்டியலைப் புரட்டினார். “கட்டி மூணே மாசம். மூணு மாசத்துல மதகை மூடுற அளவுக்குப் புதர் வளரவிட்டார்னா, பராமரிக்கலைன்னு ஓவர்சியர் மேல இன்னொரு பாரா போடணும்.”

புதரை உடனே வெட்டிப் போட்டோம்.

ஆக, கலியபெருமாள் தப்பிக்க ஒரே ஓர் ஆதாரம்தான் உலகத்தில் இருந்தது. அது நான். ‘அன்றைக்கு நான் போய்ப் பார்க்கவில்லை’ என்று நான் எழுதிக் கொடுத்தால் பாரா நிற்க இடமில்லாமல் விழுந்துவிடும். பொய்யாக அறிக்கை எழுதியதற்கு எனக்கு மெமோ வரும், விசாரணை வரும். ஓய்வு பெற ஏழு மாதம். விசாரணை முடியாவிட்டால் என் பணிக்கொடையும் நிற்கும், ஓய்வூதியமும் தற்காலிகம். அதாவது கலியபெருமாள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் அவரை எழுப்பிவிட்டு நான் உட்கார வேண்டும்.

மேடம் போனதும் ஞானசேகரன் கதவைச் சாத்திவிட்டு, முதன்முதலாக என் முன்னால் உட்கார்ந்தார். “சார், தப்பா நெனைக்காதீங்க. அவரு பதினோரு வருசம் இருந்துட்டாரு. இன்னும் ஏழு மாசம் இருந்தா என்ன ஆயிடும்? நீங்க கௌரவமா மாலையைப் போட்டுக்கிட்டுப் போயிடுங்க. அப்புறம் வர்ற கமிஷனர் பாத்துக்குவாரு.”

அவரைக் குறை சொல்ல வரவில்லை. என் மேல் இருந்த பிரியத்தில்தான் சொன்னார். நான் அவரைவிட மோசம். அந்தக் கோப்பை மூன்று நாள் வேறொரு பெரிய கோப்புக்கு அடியில் வைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் மேலே இருந்த கோப்பை மட்டும் மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு படித்தேன். அது நாய் பிடிக்கிற வண்டியைப் பற்றியது. இப்போதும் எனக்கு மனப்பாடம்.

நாலாம் நாள் காலை காபி ஆறிப்போனதைப் பார்த்து மங்கை கேட்டாள். சொன்னேன். அவள் முழுசாகக் கேட்டாள். இடையில் ஒரு தடவை கூட ‘ஏன்’ என்று கேட்கவில்லை. அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் நான் ஒருவனே தீர்த்துவிட்டேன்.

“அந்த மனுசன் எலையிலேருந்து எந்திரிச்சிப் போனாராமே, நெசமா?” என்றாள்.

“ஆமா.”

“சாப்புட்டாரா, சாப்புடலையா?”

“சாப்பிடலைன்னு நினைக்கிறேன்.”

காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தாள். “எழுதிக் குடுத்துடுங்க. ஆனா ஷூன்னு மட்டும் எழுதாதீங்க. என் தம்பி கல்யாணத்துக்கு வாங்குனது, அவன் பேரு கெட்டுடும்.”

அன்றே எழுதினேன். ‘மேற்படி நாளில் நான் மதகு உள்ள இடத்துக்குச் செல்லவில்லை. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் சாலையில் நின்று பார்த்தேன். காரணம்: சேறு.’ படித்துப் பார்த்தேன். இருபது வருஷத்துக்கும் மேலான பழக்கம், ‘சேறு ஏன் தடையாக இருந்தது?’ என்று என் கையே ஓரத்தில் குறிக்கப் போனது. வேறு வழியில்லாமல் ஷூவையும் எழுதினேன். மச்சான் மன்னிக்க.

பரிமளா மேடம் அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். முகம் மாறியது. “நான் இதை மேல அனுப்பித்தான் ஆகணும் சார்,” என்றார். “அனுப்புங்க மேடம், இல்லைன்னா உங்க மேல நான் பாரா எழுதிடுவேன்,” என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

சாட்சி

முடிவு என்ன ஆயிற்று என்று கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிறவர்களுக்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாரா இறங்கியது. கலியபெருமாளுக்கு வரவேண்டியது வந்தது. எனக்குக் கண்டனம். ஓய்வு பெற்று ஒரு வருஷத்துக்கு மேல் தற்காலிக ஓய்வூதியத்தில்தான் இருந்தேன். குழாய்களை மழைக்கு முன் வாரிவிட்டோம். அதற்கு மட்டும் ஞானசேகரன் எங்கிருந்தோ ஒரு விதி கண்டுபிடித்துக் கொடுத்தார்.

ஆனால் சொல்ல வந்தது அது இல்லை. விசாரணை நாளைத்தான்.

விசாரணை அதிகாரி புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர். இடுப்பு வலி, அதனால் நின்றுகொண்டே விசாரித்தார். என் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வியில் எனக்கு அவர்மேல் மதிப்பு வந்துவிட்டது.

“நீங்க அங்க போகலைங்கறதுக்கு ஆதாரம் என்ன?”

“நான்தான் சொல்றேனே சார்.”

“ஜீப் பதிவேட்டுல அந்த ஊருக்குப் போனதா இருக்கு. உங்க பயணக் குறிப்புல இருக்கு. அறிக்கையில இருக்கு. மூணு ஆவணம் போனீங்கன்னு சொல்லுது. ரிடையர் ஆன ஒருத்தரைக் காப்பாத்த நீங்க இப்ப பொய் சொல்லலாமே?”

செய்யாத வேலையைச் செய்யவில்லை என்று நிரூபிக்க முடியாமல் விழித்தேன். செய்த வேலையைச் செய்தேன் என்று பதினோரு வருஷமாக நிரூபிக்க முடியாதவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரைக் கூப்பிட்டார்கள்.

கலியபெருமாள் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?”

“மதகுலதாங்க. ஆடிட்டர் சார் நேரா அங்க வருவாரு, டேப்பு, அளவு எழுதுற எம்-புக்கு எல்லாம் எடுத்துக்கிட்டுப் போய் நில்லுன்னு ஆபீசுல சொன்னாங்க. காலையில பத்து மணிக்கே போயிட்டேன். ஒரு நாற்காலி, கொடை, நாலு இளநீ.”

“எவ்வளவு நேரம் இருந்தீங்க?”

“நடவு ஆளுங்க கரையேறுற வரைக்கும் இருந்தேங்க.”

“இவர் வந்தாரா?”

கலியபெருமாள் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், சொல்லுங்க என்று.

“வரலீங்க.”

விசாரணை அதிகாரி ஒரு அடி முன்னால் வந்தார். “ஆறு பதில் எழுதியிருக்கீங்க. ஒண்ணுலயாவது, ஆடிட்டர் அன்னைக்கு வரவே இல்லைன்னு ஏன் எழுதலை? அந்த ஒரு வரி போதுமே உங்களுக்கு?”

“எழுதலாங்க. எழுதினா சாருக்கு வேலை போயிருக்குங்களே. அவருக்கும் குடும்பம் இருக்குமில்ல.” கட்டியிருந்த கையைப் பிரித்துவிட்டுச் சொன்னார்: “மதகு எங்கங்க போயிடப் போவுது? அது அங்கயேதான் இருக்கு. என்னைக்காச்சும் யாராச்சும் வந்து பாத்தா முடிஞ்சு போச்சுன்னு இருந்தேன். இவ்வளவு நாளாவும்னு நெனைக்கலீங்க.”

தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். விசாரணை அதிகாரி சன்னல் பக்கம் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு விதிப்படி என்னைக் கேட்டார்: “சாட்சியை நீங்க குறுக்கு விசாரணை செய்யலாம். ஏதாவது கேக்கணுமா?”

எழுந்தேன். கேட்க நினைத்தது வேறு. வாயில் வந்தது இதுதான்.

“அந்த நாலு இளநீயை என்ன பண்ணினீங்க ஓவர்சியர்?”

அவர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

“நடவுக்கு வந்த பொம்பளைங்க நாலு பேரு கரையேறி வந்தாங்க சார். நல்ல தாகம். மதகு கட்டைச்சொவத்துல வரிசையா உக்காந்தாங்க, ஆளுக்கு ஒண்ணு வெட்டிக் குடுத்தேன். யாருக்கு வாங்குனதுன்னு கேட்டாங்க. ஆடிட்டருக்குன்னேன். ‘மவராசன் நல்லாருக்கணும்’னு சொல்லிட்டுக் குடிச்சாங்க.”

மணிக்கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சரியாக அந்த நேரத்தில்தான், காரைக்காலில் ஒரு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, பாரா பதினாலுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன்.